தொம்மையின் தூண்டில் பை

தொம்மையின் குறடு ரொசாரியின் தூண்டில் முள்ளில் மாட்டிக்கொண்டு கடலிலிருந்து ஏறி வந்த காலையில், அது சொட்டு ஈரமில்லாமல் காய்ந்திருந்ததைப் பற்றி எங்கள் சங்குமுனையில் யாரும் பெரிதாகப் பேசவில்லை; அன்றைக்கு ஒருத்தனுக்கும் ஒரு பொடிமீன்கூட மாட்டவில்லை, அதுதான் ஊர்ப்பேச்சாக இருந்தது. தொம்மை கடலுக்குப் போய்த் திரும்பாமல் அன்றோடு முப்பத்தோரு நாள். கைப்பிடியில் அவன் சுற்றி வைத்த பச்சை டேப் பிரியாமல் இருந்ததால் குறடு அவனுடையதுதான் என்பதில் சண்டையில்லை, சண்டைக்கென்றே பிறந்த ரொசாரிகூட வாயைத் திறக்காமல் அதைத் தன் தலைத்துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு தொம்மையின் பெண்டாட்டி அமலோற்பவம் வீட்டுக்கு நடந்தான்.

நான் கஸ்பார். தூண்டில் சாமான் விற்கிற கடைக்காரன், ஊர்க் கமிட்டிக்குத் தலைவன், முன்கோபி. மூன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிற்பாடு யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது. தொம்மை வராத மறுநாள் விடியும் முன்னே பதினான்கு வள்ளங்களைத் திரட்டிக்கொண்டு தேடப் போனது நான்தான். மூன்று நாள் அவன் தூண்டில் போடுகிற பாறை மேடு ஒன்று விடாமல் சுற்றி, கண் எரிய எரிய வெறும் தண்ணீரைப் பார்த்து, மூன்றாம் நாள் சாயங்காலம் காற்று ஏறி, விடிந்தால் கோயில் கொடியேற்றம் என்பது எல்லார் மனசிலும் இருந்தும் ஒருத்தரும் வாய் திறக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தபோது, "போதும், திருப்புங்கல" என்று சொன்னதும் நான்தான். பதினான்கு வள்ளமும் அந்த ஒரு சொல்லுக்காகவே காத்திருந்த மாதிரி திரும்பின.

கரையில் நின்றிருந்த அமலோற்பவம், ஊரில் அமலம் என்றுதான் சொல்வோம், எங்களை ஏசவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. ஏசியிருந்தால் எங்களுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள், அதையே முப்பது நாளும் என்னிடம், ரொசாரியிடம், பங்குச் சாமியாரிடம், பால் ஊற்ற வருகிறவரிடம் என்று ஆள் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, நீங்க திரும்புன நேரம் அவுக உயிரோட இருந்தாகளா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க. மொத நாளே போயிருந்தாகன்னா நான் அழுது முடிச்சிருவேன். நீங்க திரும்பி வந்த பொறவும் அங்ஙன உக்காந்து கரையப் பாத்துக்கிட்டு இருந்திருந்தாகன்னா, நான் எப்பிடிண்ணே சோறு திங்க?"

சாமியார் வானத்தைக் காட்டினார், பால்காரர் பாலை மட்டும் ஊற்றிவிட்டுப் போனார். அவள் சோறு தின்னவில்லை. நீராகாரமும் கடுங்காப்பியுமாக, இடுப்பில் சேலை நிற்காத அளவுக்கு வற்றிப்போனாள்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கடல் உடம்பைத் திருப்பித் தராத ஆளுக்கு, உடம்புக்குப் பதிலாக அவனுடைய தூண்டில் பையை அடக்கம் செய்வோம். ஒவ்வொரு சாமானும் அவன் எந்த இடத்தில் வைத்துப் பழகினானோ அந்த இடத்திலேயே இருக்க வேண்டும், வீட்டுக்காரி தன் கையால் ஜிப்பை மூட வேண்டும், ஒரு சாமான் குறைந்தாலும் குழி தோண்ட மாட்டோம். அந்தப் பை மண்ணுக்குள் போன பிறகுதான் இறந்தவர்களுக்கான ஜெபத்தில் அவன் பெயரை வாசிப்பார்கள். கடலோடு போனவன் வீட்டில் எப்படியும் ஒரு பழைய பையாவது ஆணியில் தொங்கும். தொம்மை வீட்டில் அதுவும் இல்லை, இருந்த ஒரே பையையும் எடுத்துக்கொண்டுதான் போயிருந்தான். அதனால் முப்பதாம் நாள் கமிட்டி கூடி, புதுப் பையும் புதுச் சாமானும் வாங்கி அடுக்கி அடக்கத்தை முடித்துவிடலாம் என்று தீர்மானித்தோம்.

அன்று மத்தியானமே அமலம் கடைக்கு வந்தாள். நான் மூன்று பைகளை எடுத்து மேஜை மேல் போட்டேன்: ஏகப்பட்ட அறை வைத்த கறுப்புப் பை, தார்ப்பாய்த் துணியில் தைத்த நீலப் பை, கெட்டிக் கித்தானில் ஒரு சாம்பல் பை. சட்டென்று ஒன்றை எடுத்துக்கொண்டு போவாள் என்று பார்த்தால், உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் மடியில் வைத்து, தையலை இழுத்துப் பார்த்து, அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்து, வாரைத் தோளில் போட்டு எழுந்து நடந்து பார்த்து, கறுப்புப் பையில் முள் டப்பா வைக்கிற அறை இடது பக்கம் இருக்கிறது என்று தள்ளி வைத்தாள்.

"அவுகளுக்கு வலது கைதானே பேசும். தூண்டில இடது கையில பிடிச்சுக்கிட்டு வலது கையால பாக்காமலே முள்ள எடுப்பாக. இதுல வச்சா கை தேடும்."

பிறகு சாம்பல் பையின் ஜிப்பை நாலைந்து தரம் திறந்து மூடினாள். "இது உப்புல அரிக்குமாண்ணே? பித்தளையா, வெறும் முலாமா?"

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, மண்ணுக்குள்ள போற பைக்கு ஜிப்பு பித்தளையா இருந்தா என்ன, தகரமா இருந்தா என்ன?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட வாயில் மண்ணை அள்ளிப் போட வேண்டும்.

அவள் நிமிரவில்லை. "ஒருவேள அவுக கைக்கு வந்துட்டா, தொறக்கணும்லா" என்றாள்.

சாம்பல் பையைத்தான் எடுத்தாள். புதுச் சாமான் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வெறும் பையைக் கொண்டுபோய் தொம்மை படுக்கிற கயிற்றுக் கட்டிலின் மேல் வாய் திறந்தபடி வைத்தாள். மறுநாள் காலையில்தான் குறடு வந்தது.

அதற்குப் பிறகு தினம் ஒன்று வந்தது. கல்லைக் கொட்டிக் கடலுக்குள் நீட்டியிருக்கும் பாலத்தில் உட்கார்ந்து தூண்டில் போடுகிறவனுக்கும், வள்ளத்தில் ஆழத்துக்குப் போகிறவனுக்கும், யாராவது ஒருத்தனுக்கு விடிகாலையில் நூல் கனக்கும், இழுத்தால் மீன் இருக்காது, தொம்மையின் சாமான் இருக்கும், உப்புப் பூக்காமல், துரு ஏறாமல், நல்ல தண்ணீரில் கழுவித் துணியால் துடைத்து வைத்த மாதிரி இருக்கும். எப்படி வருகிறது, ஏன் வருகிறது என்று துருவித் துருவிக் கேட்கிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. கடல் ஒன்றைக் கொடுத்தால் யார் கையில் கொடுத்தது, யாருக்குப் போய்ச் சேரணும் என்பதைத்தான் கேட்போம். கமிட்டி கூடி அதற்கு முறை வைத்தது: யார் முள்ளில் மாட்டியதோ அவனே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், உச்சி வெயிலுக்கு முன்னால் கொடுத்துவிட வேண்டும், காலில் செருப்பு கூடாது, கொடுத்த கையோடு வந்துவிட வேண்டும், அமலம் கடுங்காப்பி தந்தால் மறுக்கக் கூடாது. பக்கத்து ஊர்க்காரன் ஒருத்தன் தன் முள்ளில் மாட்டிய யாரோ ஒருவரின் ஒற்றைச் செருப்பைப் பயபக்தியோடு கொண்டுவந்து நீட்ட, அவளும் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து, "இது அவுக அளவு இல்லையேண்ணே" என்று சொல்லி, அவனுக்கும் காப்பி கொடுத்து அனுப்பினாள்.

வந்ததையெல்லாம் அவள் அடுக்கினாள். தொம்மை தினமும் சாயங்காலம் பையைத் தரையில் கவிழ்த்து, கழுவி, உலர்த்தி, திரும்ப அடுக்குவதைப் பக்கத்தில் இருந்து பத்து வருஷம் பார்த்தவள் அவள். ஈயக் குண்டுகளைத் துணிப்பையில் கட்டி அடியில் போட்டாள், அப்போதுதான் பை சாயாது. அதன்மேல் ரீல், உருளாமல் இருக்கப் பழைய பனியனில் சுற்றி. முள்களை நம்பர் வாரியாக மாத்திரை டப்பாவின் குழிகளில் போட்டு வலது முன்னறையில், இரை வெட்டுகிற கத்தியை உறையோடு வெளிப்பக்கம், குறடு கத்திக்குக் கீழே தலைகீழாக. ஒரு சாமானை வைத்துவிட்டு எழுந்து நின்று, கண்ணை மூடிக்கொண்டு, அவன் கையை நீட்டுகிற மாதிரி கையை நீட்டிப் பார்ப்பாள். கை தேடாமல் தொட்டுவிட்டால் சரி, தேடினால் எடுத்து மாற்றி வைப்பாள். அவள் அடுக்குவதைப் பார்க்க வந்த பொம்பளைகள் வாசலிலேயே நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள்.

வருகிற ஒவ்வொரு சாமானிடமும் அவள் அந்த ஒரே கேள்வியைத்தான் கேட்டாள். டார்ச் வந்த அன்று அதை அமுக்கி அமுக்கிப் பார்த்தாள், எரியவில்லை; "எத்தன ராத்திரி எரிஞ்சு தீந்துச்சோ" என்றாள். தண்ணீர் பாட்டில் காலியாக வந்தது, மூடி திருகி இறுக்கியிருந்தது. "குடிச்சவுக மூடி வச்சிருக்காக, பாத்தீகளா?" என்று கொண்டுவந்தவனையே கேட்டாள். அவன் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டான்.

இப்படிப் பத்தொன்பது நாள். பத்தொன்பது நாளும் சங்குமுனைக்கு ஒரு மீன் கிடையாது. முதல் வாரம் ஊரே கும்பிட்டது, சாமியார் பாலத்தில் தீர்த்தம் தெளித்தார். இரண்டாம் வாரம் பூசை அறிவிப்பில் கடைசியில், ஞானஸ்நான வகுப்புக்கும் கழிவறைப் பராமரிப்புக்கும் நடுவில், இன்றைக்கு வந்தது ஒரு அரம் என்று வாசித்தார். மூன்றாம் வாரம் ஐஸ் லாரிக்காரன் வருவதை நிறுத்தினான், வீடுகளில் கருவாடும் தீர்ந்தது, ஜனங்களின் முகம் சுண்டியது.

"தொம்மை பைய நெரப்பிக்கிட்டே இருந்தா எங்க சட்டிய எவன் நெரப்புவான்?" என்று ரொசாரி கமிட்டியில் கத்தினான். "பொட்டணம் கட்டுன மாதிரி பை நெறஞ்சுதானே கெடக்கு? மூடச் சொல்லும் ஓய். நீருதானே தலைவரு? அன்னைக்குப் போதும்னு சொன்ன வாய்தானே, இன்னைக்கும் சொல்லும்!"

அவன் தெரிந்து சொன்னானா தெரியாமல் சொன்னானா என்று நான் கேட்கவில்லை. எழுந்து நேரே அமலம் வீட்டுக்குப் போனேன்.

பை கட்டிலில் இருந்தது. உள்ளே, முதுகுப் பக்கம் ஒட்டி இருக்கிற அறை ஒன்றுதான் காலி.

"அதுல மிச்ச நூலு சுத்துன கட்டைய வப்பாக" என்றாள். "அது ஒண்ணுதாண்ணே வரணும்."

"நான் புதுச் சுருள் தாறேன். வச்சு மூடிரு தாயி. ஊரு பட்டினி கெடக்கு."

"நானும்தான் கெடக்கேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்து, எத்தனையாவது தடவையோ, அதையே கேட்டாள். "நீங்க கடல் தெரிஞ்சவுக. போதும்னு சொன்ன வாய் நீங்க. அந்த நேரம் அவுக உயிரோட இருந்தாகளாண்ணே?"

"இல்ல" என்றேன். "மொத நாளே முடிஞ்சிருக்கும். அன்னைக்கு அடிச்ச காத்து அப்பிடி. வள்ளம் கவுந்து, மூச்சு விடக்கூட நேரம் இருந்திருக்காது."

"சத்தியமா?"

"சத்தியமா."

"மாதா மேல?"

"மாதா மேல" என்றேன்.

அவள் எழுந்து அடுப்படிக்குள் போனாள், பக்கத்து வீட்டுக்காரி காலையில் வைத்துவிட்டுப் போன சோற்றைத் தட்டில் போட்டு, குழம்புகூட ஊற்றாமல், உப்பைத் தூவிக்கொண்டு வந்து, என் முன்னாலேயே தரையில் உட்கார்ந்து தின்றாள். ஐம்பது நாள் பசி. தின்னத் தின்ன அழுதாள், அழ அழத் தின்றாள், தட்டை வழித்து விரலை நக்கினாள். நான் சொன்ன பொய்யைத்தான் அவள் தின்கிறாள் என்று தெரிந்தும், ஐயோ, என் வயிறு நிறைந்தது.

மறுநாள் விடிகாலையில் என் தூண்டிலில்தான் அது மாட்டியது. பாலத்தில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள், நூல் சுற்றிய கட்டை, தொம்மையின் மிச்ச நூல். "வந்துட்டு, கடைசிச் சாமான் வந்துட்டு, இன்னைக்கே குழியத் தோண்டுங்கல!" என்று ரொசாரி துள்ளினான். நான் கட்டையை மடியில் கட்டிக்கொண்டு நடந்தேன், நடக்கிறபோதே விரலுக்குத் தட்டுப்பட்டுவிட்டது. நேரே கடைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நூலைப் பிரித்தேன். முடிச்சுகள் இருந்தன.

எங்கள் கரையில் இது எல்லாருக்கும் தெரியும். என்ஜின் நின்று, வள்ளம் காற்றுப் போன போக்கில் போக ஆரம்பித்துவிட்டால், பசியிலும் வெயிலிலும் நாள் கணக்கு குழம்பும், அதனால் சூரியன் கிளம்புகிறபோது மிச்ச நூலில் ஒரு முடிச்சுப் போட வேண்டும், விடியலுக்கு ஒன்று. நான் எண்ணினேன். பதினொன்று. நாங்கள் மூன்றாம் நாளே திரும்பி வந்தவர்கள்.

அவள் சோறு தின்ற சத்தம் காதிலேயே இருந்தது. ஒரு பெரிய முள்ளை எடுத்து அதன் நுனியால் கடைசி முடிச்சை நெம்பி அவிழ்த்தேன். அவன் பல்லால் கடித்து இறுக்கியிருக்க வேண்டும், நூலில் பல் தடம் இருந்தது. எட்டு முடிச்சை அவிழ்த்து, மூன்றை விடலாம் என்று நினைத்தேன். மூன்று இருந்தால் நாங்கள் திரும்புகிற அன்றைக்கு அவன் இருந்தான் என்று ஆகும், இன்னொன்றை அவிழ்த்தேன். இரண்டு இருந்தால் மாதா மேல் போட்ட சத்தியம் என்ன ஆவது என்று அதையும் அவிழ்த்தேன். ஒரே ஒரு முடிச்சு மிஞ்சியது. விரலெல்லாம் ரத்தம். நூலைப் பழையபடி கட்டையில் சுற்றி, கையைக் கழுவிக்கொண்டு, உச்சி வெயிலுக்கு முன்னால் செருப்பில்லாமல் போய்க் கொடுத்தேன்.

அமலம் கட்டையை வாங்கினாள், முதல் முடிச்சைப் பார்த்தாள். "ஒண்ணு" என்றாள். முகம் தெளிந்த மாதிரி எனக்குத் தோன்றியது. பிறகு கட்டிலில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஜெபமாலை உருட்டுகிற மாதிரி நூலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் விட்டு மெதுவாக இழுக்க ஆரம்பித்தாள். நைலான் நூலில் ஒரு தடவை முடிச்சு விழுந்து இறுகிவிட்டால், அவிழ்த்தாலும் அந்த இடத்தில் கோணல் நிற்கும், அது சாகிறவரை நிமிராது. என் கடைக்கு வருகிறவனிடமெல்லாம் முப்பது வருஷமாக நான் சொல்கிற பாடம் அது. எனக்கே நான் சொல்லிக்கொள்ளவில்லை, மடையன். அவள் விரல் நின்றது, நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது, உதடு அசைந்துகொண்டிருந்தது.

"பதினொண்ணு" என்றாள்.

காலில் விழலாமா என்று பார்த்தேன், அதற்கும் உடம்பு வளையவில்லை. அவள் கத்துவாள், அடிப்பாள், அடிக்கட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"அவுக போட்டத நீங்க அவுத்துட்டீக" என்றாள். "நீங்களே போட்டுக் குடுங்க. அவுக வச்ச மாதிரி இருந்தாத்தானே மூட முடியும். ஒவ்வொண்ணுக்கும் அன்னைக்கு நாம என்ன செஞ்சுக்கிட்டு இருந்தோம்னு சொல்லிக்கிட்டே போடுங்க."

நூலை என் கையில் கொடுத்தாள். முதல் முடிச்சு அவன் போட்டது. இரண்டாவதையும் மூன்றாவதையும் போட்டபோது, தேடிக்கிட்டு இருந்தோம், தேடிக்கிட்டு இருந்தோம் என்று சொன்னேன். நாலாவதுக்கு நூலை வளைத்தேன்.

"சொல்லுங்க."

"கொடியேற்றம். கயிறு என் கையில. வெடி போட்டோம்."

"அவுகளுக்குக் கேட்டிருக்குமா?"

"தெரியல தாயி."

"அடுத்தது."

"உடம்பு வலின்னு வெயில் ஏறுற வர தூங்குனேன்." ஐந்து. "ரொசாரி வீட்டுல கறிச்சோறு, ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டேன்." ஆறு. ஏழாவது, அன்றைக்குப் பொசுக்கென்று ஒரு மழை பெய்தது, நல்லவேளை வெக்கை தணிஞ்சுது என்று கோயில் வாசலில் நின்று சொன்னேன். அவள், "அந்த மழையக் குடிச்சுத்தான் மிச்ச நாள் இருந்திருப்பாக" என்றாள். எட்டாவது, சீட்டு ஆடினோம். ஒன்பதாவதுக்கு நான் வாயைத் திறக்கும் முன் அவளே சொன்னாள்.

"அது எனக்கு உள்ளது. அன்னைக்குத்தான் எங்க அம்மைக்குப் போன் போட்டு, இனி அவுக வர மாட்டாகன்னு மொத மொதலா என் வாயால சொன்னேன். போடுங்க."

போட்டேன். பத்தாம் நாள் என்ன செய்தேன் என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை, அதையும் சொன்னேன், அவள் தலையாட்டினாள். அப்போது பாலத்துப் பக்கமிருந்து ஒரே கூச்சல், மீன் மாட்டுது, எல்லார் முள்ளிலயும் மாட்டுது, ஓடியாங்கல என்று தெருவெல்லாம் கத்திக்கொண்டு ஓடினார்கள். நாங்கள் இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"பதினொண்ணு" என்றாள் அமலம்.

"கடலுக்குப் போறதுக்கு முந்துன நாளு தொம்மை கடைக்கு வந்தான்" என்றேன். "பச்ச நெறத்துல ஒரு பை, அத எடுத்து வாரைத் தோள்ல போட்டுப் பாத்தான், ஜிப்பத் தொறந்து தொறந்து மூடுனான், முள்ளு டப்பா வலது பக்கம் வருதான்னு பாத்தான். திருநா முடிஞ்சதும் எடுத்துக்கிடுதேன் மாமா, அது வர யாருக்கும் குடுத்துராதீகன்னு சொல்லி, மேல் தட்டுல அவனே வச்சுட்டுப் போனான்."

"சரி."

"அந்தப் பதினோராம் நாளு காலையில திருநாளுக்கு வந்த வெளியூர்க்காரரு ஒருத்தரு அதக் கேட்டாரு. இது ஒரு ஆளு சொல்லி வச்சதாச்சேன்னேன். அந்த ஆளு வருவாரான்னு கேட்டாரு. வர மாட்டான்னு சொல்லி எடுத்துக் குடுத்துட்டேன்."

நான் முடிச்சைப் போட்டு இழுத்தேன், இறுகவில்லை, அவன் செய்த மாதிரி பல்லால் கடித்து இறுக்கினேன். அமலம் கட்டையை வைக்கச் சாம்பல் பையின் முதுகுப் பக்கத்து அறையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள்.